தேயிலைப் பெட்டிக்குள் பந்தி

1

நேற்று எங்கள் வீட்டில் நிறுவை நடந்தது. சமையலறைக் கதவின் மேல்சட்டத்தில் ஒரு கொக்கி. கொக்கியில், அப்பா போடியில் வாங்கிக் கொடுத்தனுப்பிய வில் தராசு. தராசில் ஒரு தலையணை உறை. உறைக்குள் ஒரு பாம்பு.

முள் ஆடி ஆடி ஒன்றே முக்கால் கிலோவில் நின்றது. போன வருடம் இதே நாளில், இதே கொக்கியில் தொங்கவிட்டபோது முள் ஒரு கிலோவைத் தொடவில்லை.

“ஏ புள்ள, காய் நிறுக்கையில கணக்குப்பிள்ளை சாக்குக்குக் கழிப்பாரே, அதுமாதிரி உறைக்குக் கழிச்சியா?” என்று வாசலில் நின்றபடியே கேட்டார் என் வீட்டுக்காரர். சமையலறைக்குள் அவர் வரவில்லை. ஒரு வருடமாகியும் நிறுவை நாளில் மட்டும் அவர் வாசலைத் தாண்டுவதில்லை.

“கழிச்சாச்சு. நான் கணக்குப்பிள்ளை மாதிரி கூடக் கழிக்கல.”

“பெறகென்ன, ராணியம்மா ரெண்டு பேரு சோத்தத் தின்டுட்டாக.”

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். போடியில் விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்து, மதுரையில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கினேன். கல்யாணமாகி இந்த வட இங்கிலாந்து மில் நகரத்துக்கு வந்து எட்டு வருடமாகிறது. இங்கே இரண்டு பாம்புகளைத் தத்தெடுத்து, சாகக் கிடந்தவற்றைத் தின்னவைத்து, தேற்றி, நிறுத்துக் காட்டியிருக்கிறேன். பெருமைக்குத்தான் எழுதுகிறேன். பெருமைப்படுகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு அடக்கமாக இருப்பது எனக்கு வராது.

2

என் பட்டத்தை இங்கே யாரும் பட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்வி அலுவலகத்தில் சான்றிதழ் நகலைக் கேட்டார்கள், கொடுத்தேன். மூலத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். பாடத்திட்டத்தைக் கேட்டார்கள், மதுரைக்கு எழுதி வரவழைத்துக் கொடுத்தேன். கடைசியில், ஆசிரியராக அல்ல, ஆய்வக உதவியாளராக ஒரு பள்ளியில் சேரலாம் என்றார்கள். சேர்ந்தேன். சோதனைக் குழாய் கழுவுவது, நுண்ணோக்கி துடைப்பது, பின்னறையில் வளர்க்கும் வெள்ளெலிகளுக்குத் தீனி போடுவது என் வேலை. பேச்சியம்மாள் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் ‘பேச்’ ஆகிவிட்டது.

ஒருநாள் ஓய்வறையில் தேநீர் வேளையில் அந்தப் பேச்சு வந்தது. யாரோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு மலைப்பாம்புகளைக் கண்ணாடித் தொட்டியிலேயே விட்டுப் போய்விட்டார்களாம். அனாதை விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் ஒன்று அவற்றை எடுத்து வந்திருக்கிறதாம். எதையும் தின்னவில்லையாம். நாய்க்கும் பூனைக்கும் ஆள் வருகிறார்கள், பாம்புக்கு யார் வருவார்கள்? ஊசி போட்டுக் கொன்றுவிடப் போகிறார்களாம்.

“பேச், நீ இந்தியாவிலிருந்து வந்தவள்தானே? மகுடி ஊதிப் பாரேன்” என்றார் வேதியியல் ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “மகுடி தெரியாது. விலங்கியல் தெரியும். கொண்டுவரச் சொல்லுங்கள், நான் தின்ன வைக்கிறேன்” என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வந்தது.

அவர் போடிப் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர். தோட்டத்தில் யானை இறங்கினால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிற குடும்பம். இங்கே பஸ் டெப்போவில் மெக்கானிக். யானைக்குப் பயப்படாதவர், அன்றைக்குச் சோற்றில் கைவைத்தபடியே என்னைப் பார்த்தார்.

“ஊர்ல பாம்பக் கண்டா கம்பத் தேடுவோம். நீ சீமைக்கு வந்து அதுக்குச் சோறு போடப் போறியாக்கும்? உங்காத்தாளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீங்களும் சொல்லாதீக.”

“புள்ள இருக்குற வீடு புள்ள!”

“விஷம் கிடையாதுங்க. பயந்துச்சுன்னா தலைய நடுவுல வச்சுப் பந்தாச் சுருண்டுக்கிரும். அம்புட்டுத்தான் அதோட வீரம்.”

அது உண்மை. நம் மலைப்பாம்புக்கு இது ஆப்பிரிக்காவில் இருக்கும் குட்டைத் தங்கை. வளர்ந்தாலும் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது. கறுப்பு உடம்பில் தங்க நிறத் திட்டுகள். இங்கிலாந்தில் ராயல் பைத்தான் என்கிறார்கள். மற்ற நாடுகளில், பந்தாகச் சுருள்வதால் பந்துப் பாம்பு.

இல்லத்திலிருந்து திருமதி ஹார்ட்லி என்ற அதிகாரி வீட்டைப் பார்வையிட வந்தார். உயரமான, சிரிக்காத அம்மாள். நகராட்சி வீடு என்பதால் அங்கேயும் ஒரு விண்ணப்பம். அதில் நாய், பூனை, பறவை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. கவுண்டரில் இருந்தவர் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பறவையை அடித்துப் பாம்பு என்று எழுதினார். திருமதி ஹார்ட்லி கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: “ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் வருவேன். இரண்டும் தின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.” எடுத்துப் போய் என்ன செய்வார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

3

பெட்டையும் ஆணுமாக இரண்டு; பெட்டைக்கு ராணி என்று பெயர் வைத்தேன். முழுதாய் வளர்ந்தவை. ஆனால் முதுகெலும்பு ஓட்டு வீட்டு முகடு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. சட்டை உரித்ததும் ஒழுங்காக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பாம்புக்குட்டியை வளர்ப்பது வேறு. வளர்ந்து, காய்ந்து, பட்டினிக்குப் பழகிவிட்ட பாம்பைத் தேற்றுவது வேறு. அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். தின்னாமலே இருக்கத் தெரிந்த உயிரைத் தின்னவைப்பதுபோல் கஷ்டம் எதிலும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஊரில் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். கூடத்தில் நல்ல இடத்தில், டெலிவிஷன் பக்கத்தில், கண்ணாடித் தொட்டியை வைத்தேன். பள்ளியில் மிஞ்சிய எலிகளைச் செத்தபின் வாங்கி வந்து உறையவைத்து, வேண்டும்போது வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து முன்னால் நீட்டினேன். ராணி தலையைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றால் விடுவோமா? இன்னொன்று நீட்டினேன். சின்னதாகப் பார்த்து நீட்டினேன். மறுநாள் நீட்டினேன். அதற்கு மறுநாளும். “இன்னுங் கொஞ்சம், இந்தா, எனக்காக” என்று இலையில் கை மறித்தாலும் சோற்றை அள்ளி வைக்கிற பழக்கம் பாம்பு வரைக்கும் வந்துவிட்டது.

விருந்தாளியைப் பார்க்க ஊர் வரவேண்டுமே, வந்தது. டெப்போவில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மகள் மீனாவின் பள்ளித் தோழிகள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார்கள். நான் பாம்பைத் தூக்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து விளக்கம் சொன்னேன்.

இரண்டும் பந்தாகச் சுருண்டவை சுருண்டபடியே கிடந்தன.

மீனாவும் அதே வாரங்களில் என்னோடு மல்லுக்கட்டினாள். ஐந்து வயது. பள்ளியில் போய் உருளைக்கிழங்கு பொரியலும் பீன்ஸும் பழகிவிட்டு வந்து, ரசச் சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். “சாப்புடு கண்ணு.” “நோ, மம்.” இடுக்கியோடு கூடத்திலும் கரண்டியோடு சமையலறையிலுமாக நான் அலைந்தேன்.

“ஒரு வீட்டுல மூணு பேரு உண்ணாவிரதம்” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு வேறு கோபம் ஒன்று இருந்தது. முந்தின நாள் குளிர்பெட்டியில் எவர்சில்வர் தூக்கைப் பார்த்து, மீன் குழம்பாக்கும் என்று ஆசையாய்த் திறந்துவிட்டார்.

“ஏ புள்ள! எலிக்குத் தூக்குதான் கெடச்சுதா?”

“மூடி நல்லா இறுகுமுங்க.”

“அது எங்காத்தா சீராக் குடுத்த தூக்கு!”

ராணியைத் தராசில் தொங்கவிட்டேன். வந்த நாள் எடையைவிடவும் குறைந்திருந்தது. ஈஸ்டருக்குச் சில வாரங்களே இருந்தன. தூக்கின் கதையில் நான் சிரித்த சிரிப்பு அப்போதே நின்றுவிட்டது.

4

தூக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. சாமி வந்து சொல்லவில்லை. தூக்கின் வாசனைதான்.

காய் எடுக்கிற காலத்தில், பள்ளி விடுமுறைக்கு மேலே போனால், நானும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போவேன். ஏலச்செடியின் தூரில் குனிந்தே இருக்கிற வேலை. மத்தியானம் கங்காணி குரல் கொடுத்ததும் பெண்கள் எல்லாரும் தூக்கை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்காருவார்கள். வட்டமாக உட்காருவார்கள். ஆனால் முகம் வெளியே, முதுகு உள்ளே. முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். பேச்சும் சிரிப்பும் மட்டும் முதுகுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வரும். திரும்பிப் பார்த்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள்.

“திங்கிற வாயப் பாக்காத. கண்ணு படும்.”

கண் படுவது ஒரு காரணம். யார் தூக்கில் வெறும் கஞ்சி, யார் தூக்கில் கருவாடு என்று யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு காரணம். அந்த வட்டத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டவள் ஒருத்தியும் கிடையாது.

ஒருமுறை அப்பா போடிச் சந்தையில் ஆடு ஒன்று பிடித்து, குரங்கணி வரை ஜீப்பில் லோடோடு லோடாக ஏற்றி, அங்கிருந்து நடத்திக் கூட்டி வந்தார். லயமே வேடிக்கை பார்க்க வந்தது. ஆடு தழையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, “என்னடி, ஊமை ஆட்டப் புடிச்சுட்டு வந்துருக்காரு ஒம் புருசன்?” என்றாள். அம்மா ஆட்டை விறகு அடுக்குக்குப் பின்னால் இடுக்கில் கட்டினாள். முன்னால் ஒரு படுதாச் சாக்கைத் தொங்கவிட்டாள். தழையை உள்ளே தள்ளிவிட்டு, “எல்லாரும் அவுகவுக சோலியப் பாருங்க. இங்கிட்டு ஒரு கண்ணு வரக்கூடாது” என்றாள். சாயங்காலம் சாக்குக்குப் பின்னால் நறநறவென்று சத்தம் கேட்டது.

ஈரத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். நாலு பக்கமும் கண்ணாடி. மேலே விளக்கு. ஆப்பிரிக்காவில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் உடம்பை நெருக்கிப் படுத்து, இருட்டில் வெளியே வந்து இரை தேடுகிற பிராணி. என் பாடப்புத்தகத்திலேயே அது இருந்தது. நான் அதைப் பந்தியின் நடுவில் உட்காரவைத்து ஊரைக் கூட்டி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் தின்பார்கள்?

5

“ஏங்க, நாலு பக்கமும் பலகையா ஒரு பெட்டி வேணும். வெரசா வேணும்.”

வீட்டுக்காரர் காரணம் கேட்டார். மரத்தடி வட்டத்தையும் ஆட்டுக் கதையையும் அம்மா பேசினபடியே சொன்னேன், மீனாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு எழுந்து போனார். சந்தையில், தேயிலை வந்து இறங்கும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளை மலிவாகப் போடுவார்கள். ஆளுக்கு ஒன்றாக இரண்டு வாங்கி வந்தார். உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தாளை உரித்தெடுத்தார். ஒரு ஓரத்தில் கம்பி வலைக்குள் குறைந்த வாட் பல்பு, அதற்குக் கறுப்பு வர்ணம். வெளிச்சம் வராது, சூடு மட்டும் வரும். எதிர் ஓரம் குளிர்ச்சி. பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். பஸ் எஞ்சினுக்கு வெப்பம் பார்க்கிற ஆளுக்கு இது ஒரு வேலையா?

ஆளுக்கு ஒரு மண்தொட்டி வாங்கி, வாயில் ஒரு பக்கம் உடைத்துக் கவிழ்த்தேன். உடம்பு நாலு பக்கமும் இடிக்கிற அளவு சின்னதாகப் பார்த்து வாங்கினேன். பெட்டிகளைக் கூடத்திலிருந்து படிக்கட்டுக்குக் கீழே இருட்டு மூலைக்குக் கொண்டுபோனேன். முன்னால் திரையாக என் பழைய சேலை. அப்புறம் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. நானும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் மாற்றினேன். எலி நீட்டவில்லை.

“பட்டினியாப் போட்டா தேறுமா?” என்றார் அவர்.

“அதுக்குப் பசிக்கட்டும். எனக்குப் பசிச்சா போதுமா?”

ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிறு சாயங்காலம், எலியை வெந்நீரில் சூடாக்கி, ஈரம் துடைத்து, இரண்டு மண்தொட்டிகளின் வாயிலும் ஒவ்வொன்று வைத்தேன். சேலையை இறக்கினேன். வீட்டில் இருந்தால் எட்டிப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியும். அதனால் மூன்று பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டோம். வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டு, குளிரில் கால் உதைத்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்து சேலையை விலக்கினேன். ஆண் பாம்பின் எலி வைத்தபடி கிடந்தது. ராணியின் எலி இல்லை. மண்தொட்டிக்குள் வயிற்றின் நடுவில் ஒரு புடைப்போடு அவள் படுத்திருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் மீனா பயந்துபோனாள். வீட்டுக்காரர், “எங்க, எங்க?” என்று ஓடிவந்து, படிக்கட்டுக்கு நாலடி தூரத்தில் பிரேக் போட்டு நின்றார். “தின்டுட்டாளா? முழுசாவா? ஏ ஆத்தா!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

6

ஆண் பாம்புக்கு அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் பெயர் வைத்தார். “மறுவீட்டுக்கு வந்த மாப்ள மாதிரியில்ல பிகு பண்றான்.” மாப்ளே என்ற பெயர் நின்றுவிட்டது. ராணி பத்து நாளைக்கு ஒருமுறை தின்றாள். மாப்ளே தொடவேயில்லை. ஈஸ்டர் நெருங்கியது.

திருமதி ஹார்ட்லி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை மாலை வந்து நின்றார். கையில் துணிப்பை. எதற்கென்று கேட்கவில்லை. அரைமணிக்கு முன்புதான் மாப்ளேயின் பெட்டிக்குள் எலி வைத்துச் சேலையை இறக்கியிருந்தேன். இந்தமுறை எலியின் மேல், பள்ளியில் வளர்க்கும் பாலைவன எலியின் கூண்டுச் சருகைத் தேய்த்திருந்தேன். ஆப்பிரிக்காவில் இது தின்று பழகியது அந்த ஜாதி எலியைத்தானே.

“பெட்டை தின்றுவிட்டது” என்று உரித்த சட்டையைக் காட்டினேன். மூக்கிலிருந்து வால்நுனி வரை துண்டாகாமல், காலுறை கழற்றியதுபோல் உரிந்திருந்தது. அவர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. “நல்லது. ஆண்?”

“சாப்பிட உட்கார்ந்திருக்கிறான்.”

“நான் பார்க்க வேண்டும்.”

அவர் கை சேலைக்குப் போனது. நான் நடுவில் போய் நின்றேன். இந்த நாட்டில் அதிகாரி என்று வந்த ஒருவரை நான் மறித்தது அதுதான் முதல்தடவை. “அம்மா, எங்கள் மலையில் தின்கிற வாயைப் பார்க்கமாட்டோம். தேநீர் குடியுங்கள். பிறகு திறக்கிறேன். தின்னவில்லையென்றால் நானே எடுத்துப் பையில் போட்டுத் தருகிறேன்.”

வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார்: “ஏ புள்ள, ஆபீசரம்மாகிட்டக்க மல்லுக்கு நிக்காத.”

“நீங்க டீயக் கொண்டாங்க.”

திருமதி ஹார்ட்லி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். “இப்படி இல்லை” என்று நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். நான் இன்னொரு நாற்காலியை அவர் முதுகோடு சேர்த்துப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். மீனா மூன்றாவதாக ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எங்கள் முதுகில் முதுகை ஒட்டிக்கொண்டாள். ரசச் சோற்றுத் தட்டு அவள் மடியில் இருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியாததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

திருமதி ஹார்ட்லி சுவரைப் பார்த்துக்கொண்டே எங்கள் மலையைப் பற்றிக் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏலக்காய் பூமியை ஒட்டிக் காய்க்கும் என்றதை அவர் நம்பவில்லை. அப்படியா, அப்படியா என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முகம் தெரியாதபோது அந்த அம்மாள் சிரிப்பது கேட்டது.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ‘டப்’ என்று பலகையில் உடம்பு மோதும் சத்தம்.

மூன்று முதுகும் விறைத்தன. ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே மண்தொட்டி நகரும் ஓசை, சருகு உரசும் ஓசை, பிறகு நீண்ட அமைதி. தேநீர் ஆறிப்போனது. திருமதி ஹார்ட்லி இன்னும் திரும்பாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: “இப்போது பார்க்கலாமா?”

“இன்னும் கொஞ்சம்” என்றேன்.

சேலையை விலக்கியபோது எலியின் வால் மட்டும் மாப்ளேயின் வாயோரம் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. திருமதி ஹார்ட்லி துணிப்பையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மீனாவின் தட்டு காலியாக இருந்தது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாம்பைத் தின்னவைக்கக் கற்றவளுக்கு அதுகூடவா தெரியாது?

7

அதற்குப் பிறகு நடந்தது வளர்ச்சிதான். வளர்ந்த பாம்பு நீளத்தில் அதிகம் கூடாது. முகடு மாதிரி இருந்த முதுகு முதலில் தட்டையானது, பிறகு உருண்டது. தோல் மடிப்பு நிரம்பியது. நிறம் கூடியது. குளிர்காலத்தில் மாப்ளே மறுபடி இரண்டு மாதம் தின்னவில்லை. நான் பதறவில்லை, எடையும் குறையவில்லை. வீட்டுக்காரர் பதறினார். தினம் டெப்போவிலிருந்து வந்ததும், “மாப்ள சாப்ட்டானா?” என்பதுதான் முதல் கேள்வி.

போன மாதம் திருமதி ஹார்ட்லி இல்லத்துக்கு என்னை அழைத்திருந்தார். பாம்புக் கூண்டுகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். எல்லாக் கூண்டுக்கு முன்னாலும் சாக்குத் துணி தொங்கியது. குரங்கணிக்கு மேலே விறகு அடுக்கின் பின்னால் தொங்கிய அதே மாதிரி. அம்மாவுக்கு எழுதினேன். அப்பா பக்கத்து வீட்டுப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அம்மா சொன்னதாக எழுதச் சொன்ன பதில் ஒரே வரி: “பாம்புக்குத் திரை போட்டது சரி, அத வீட்டுக்குள்ள எதுக்குக் கொண்டாந்த?”

நேற்று நிறுவை முடிந்ததும் ராணிக்கு இரை வைக்க வேண்டியிருந்தது. மீனாவின் தோழிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். நாலும் வெள்ளைக்காரக் குழந்தைகள். பாம்பு தின்பதைப் பார்க்க வேண்டும் என்று படிக்கட்டுக்குக் கீழே முண்டியடித்தார்கள். நான் சமையலறையில் எலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுக்க வாயெடுத்தேன்.

அதற்குள் கூடத்தில் மீனாவின் குரல் கேட்டது; எட்டிப் பார்த்தேன். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற என் மகள், இடுப்பில் கைவைத்து நின்று, அந்த நாலு பேரையும் பார்த்துப் போடித் தமிழில் அதட்டினாள்:

“திரும்புங்க எல்லாரும்! திங்கிற வாயப் பாக்கக் கூடாது. அவுகவுக சோலியப் பாருங்க!”

ஒரு சொல் புரியாமலே நாலு பிள்ளைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.